சைலன்சரை மாற்றிய கார் ஆண்டுப் பரிசோதனையில் தேறுமா?

காருக்குப் புது சைலன்சர் போட்டவர்களில் பலர், பரிசோதனைத் தேதி நெருங்கும்போதுதான் முதல்முறையாகக் கவலைப்படுகிறார்கள். "இது பாஸ் ஆகுமா?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன் நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: குழாயில் எந்த இடத்தை மாற்றினீர்கள்?

எஞ்சினிலிருந்து பின் பம்பர் வரை ஓடும் அந்த நீளமான குழாயின் வழியில், பார்த்தால் சின்ன சைலன்சர் போலவே தெரியும் ஒரு பெட்டி இருக்கும். அதன் பெயர் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். அதற்குப் பின்னால் இருப்பதை மட்டும் மாற்றியிருந்தால், நீங்கள் யோசிக்க வேண்டியது பெரும்பாலும் சத்தத்தைப் பற்றித்தான். அந்தப் பெட்டியையே எடுத்திருந்தால், அல்லது அதற்கு முன்னால் கை வைத்திருந்தால், புகை, காரின் கம்ப்யூட்டர், சட்டம் எல்லாமே கேள்விக்குள் வந்துவிடும். இந்த ஒரு கோட்டை மனதில் போட்டுக்கொண்டால் மீதி விஷயங்கள் எளிதாகப் புரியும்.

ஆண்டுப் பரிசோதனை என்று சொன்னாலும் எல்லா நாட்டிலும் அது ஆண்டுக்கு ஒருமுறை இல்லை. பிரிட்டனில் கார் மூன்று வயதானதும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் முதல் மூன்று ஆண்டுக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. விதிகளின் வாசகம் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் பரிசோதனை தேடுகிற விஷயங்கள் ஏறக்குறைய ஒன்றேதான்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது

எஞ்சினில் எரிந்த வாயு, தண்ணீர்க் குழாயில் தண்ணீர் வருவதுபோல ஒரே சீராக வெளியே வருவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறை வரும்போது ஒரு துடிப்பாகத் தள்ளுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் ஓடினால் நொடிக்கு 100 துடிப்புகள். இந்தத் துடிப்புகள்தான் சத்தம். வெறும் குழாயாக விட்டால் ஒவ்வொரு துடிப்பும் சின்ன வெடிபோல வெளியே வந்து விழும்.

முதலில் மேனிஃபோல்ட். நான்கு சிலிண்டரிலிருந்தும் வரும் கிளைகளை ஒன்றாகச் சேர்க்கும் பகுதி இது. டர்போ (வெளியேறும் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி) உள்ள கார் என்றால் அடுத்து அது, அதிலிருந்து இறங்கும் டவுன்பைப். அதன்பின் ஒரு ஆக்சிஜன் சென்சார், கன்வர்ட்டர், இன்னொரு ஆக்சிஜன் சென்சார். இன்றைய பல கார்களில் கன்வர்ட்டர் எஞ்சினோடு ஒட்டியபடி, மேனிஃபோல்டிலோ டவுன்பைப்பிலோ இருக்கிறது. சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி வைக்கிறார்கள். அதனால் "டவுன்பைப் மட்டும்தான் மாற்றினேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் கன்வர்ட்டரையும் சேர்த்து மாற்றியிருக்கிறார் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். இது தெரியாமலே மாற்றிவிட்டவர்கள் உண்டு.

கன்வர்ட்டரைத் தாண்டினால் சில இரைச்சல்களை மட்டும் அடக்கும் ரெசனேட்டர், பிறகு சைலன்சர், கடைசியில் வெளியே தெரியும் முனை. கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் முழுக் குழாயையும் மாற்றினால் அதை கேட்-பேக் என்கிறார்கள். பின் ஆக்சிலுக்கு அப்பால் இருக்கும் சைலன்சரை மட்டும் மாற்றினால் ஆக்சில்-பேக். கடையில் வாங்கும்போது இந்த இரண்டு சொற்களில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. புகைக் கட்டுப்பாட்டில் மிகக் கண்டிப்பான கலிஃபோர்னியாவிலேயே, மற்ற பாகங்களுக்குத் தனி அனுமதி எண் கேட்கும் அரசு, கன்வர்ட்டருக்குப் பின்னால் மட்டும் மாற்றும் குழாய்க்கு அந்த எண்ணைக் கேட்பதில்லை. சத்த வரம்பு மட்டும் அதற்கும் உண்டு. நான் முதலில் சொன்ன கோடு கற்பனை இல்லை, சட்டமே அங்கேதான் கோடு போடுகிறது.

அந்தப் பெட்டி செய்யும் வேலை

கன்வர்ட்டரை வெட்டிப் பார்த்தால் தேன்கூடு போல ஆயிரக்கணக்கான நுண்ணிய துளைகள் தெரியும். பெரும்பாலும் பீங்கானால் ஆனது. அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாக இருக்கும். எரிந்த வாயு இதன் வழியே போகும்போது மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. விஷமான கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடாகிறது. எரியாமல் தப்பி வந்த பெட்ரோல் துளிகள், அதாவது ஹைட்ரோகார்பன்கள், நீராவியும் கார்பன் டை ஆக்சைடுமாக மாறுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் பிரிந்து, நாம் சுவாசிக்கும் காற்றில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண நைட்ரஜனாகின்றன.

இந்த யோசனை ஒரே நாளில் வந்ததில்லை. யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் அமெரிக்காவில் குடியேறி, 1950களிலேயே கார்களுக்கான கன்வர்ட்டரை உருவாக்கினார். ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் அந்த உலோகப் பூச்சை மூடிக் கெடுத்துவிடும். அதனால் ஈயம் இல்லாத பெட்ரோல் வரும்வரை அவருடைய பெட்டி சாலைக்கு வரவில்லை. அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில்தான் அது பரவலாக வந்தது. மூன்று வேலையையும் சேர்த்துச் செய்யும் இன்றைய வகையை, ஆக்சிஜன் சென்சாரோடு இணைத்து 1970களின் பிற்பகுதியில் வால்வோ கொண்டுவந்தது.

சென்சார் ஏன் கூடவே தேவைப்பட்டது? இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். கலவை இந்த விகிதத்தை ஒட்டி இருந்தால்தான் கன்வர்ட்டரால் மூன்று வேலையையும் ஒன்றாகச் செய்ய முடியும். காற்று கூடிவிட்டால் நைட்ரஜன் ஆக்சைடு தப்பிவிடும். பெட்ரோல் கூடிவிட்டால் மோனாக்சைடு தப்பிவிடும். இந்த விகிதத்தைத்தான் லாம்டா என்ற எண்ணால் குறிக்கிறார்கள். மிகச் சரியான கலவை என்றால் லாம்டா 1. முதல் சென்சார் வாயுவில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல, அது பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் லாம்டாவை 1-ஐ ஒட்டியே வைத்திருக்கிறது.

இப்போது பரிசோதனைக்கு வாருங்கள். குழாய் முனையில் ஒரு நீளமான கம்பி போன்ற கருவியைச் செருகி வாயுவை அளப்பார்கள். ஐரோப்பாவில், சுமார் 2002-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களுக்குப் பொதுவான வரம்பு இது: கார் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடியபடி நிற்கும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், எஞ்சினை 2000 ஆர்பிஎம்முக்கு மேல் உயர்த்திப் பிடிக்கும்போது 0.2 சதவீதத்துக்குள், லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் இடையில். பிரிட்டன் இதோடு ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 200 பங்கை) தாண்டக் கூடாது என்றும் சேர்த்துப் பார்க்கிறது.

நன்றாக ஓடும் எஞ்சினே கன்வர்ட்டர் இல்லாவிட்டால் அரை சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ மோனாக்சைடு விடும். அதனால்தான் கன்வர்ட்டரை எடுத்த காரை எந்த மெக்கானிக்காலும் "டியூன்" செய்து இந்தச் சோதனையில் நேர்மையாகத் தேற வைக்க முடிவதில்லை. குழாயில் ஒரு பெட்டி குறைவதைப் பரிசோதகர் கண்ணால் பார்த்தே நிராகரிக்கவும் முடியும். கன்வர்ட்டர் பொருத்தி விற்கப்பட்ட காரில் அது இல்லை என்றாலே பிரிட்டனில் தோல்விதான், வாயு அளவு வரை போகவே வேண்டாம்.

இடையில் ஒரு வழி இருக்கிறது: ஸ்போர்ட்ஸ் கன்வர்ட்டர். கம்பெனி கன்வர்ட்டரில் ஒரு சதுர அங்குலத்துக்கு 400 அல்லது அதற்கும் மேற்பட்ட துளைகள் இருக்கும். ஸ்போர்ட்ஸ் வகையில் 200 அல்லது 100. துளை பெரிதாவதால் வாயு தடையில்லாமல் போகும், ஆனால் வாயுவைத் தொடும் சுவர்ப் பரப்பு குறைந்துவிடும். 200 வகை நல்ல தரமானதாகவும் நன்றாகச் சூடாகியும் இருந்தால் பல கார்கள் தேறுகின்றன. 100 வகையில் அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. எந்த வகையாக இருந்தாலும், உங்கள் நாட்டில் அதற்குச் சாலை அனுமதி உண்டா என்பது தனிக் கேள்வி.

கம்ப்யூட்டர் சொல்லும் சாட்சி

கன்வர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவது சென்சார் இருக்கிறது என்றேன் அல்லவா. அதன் வேலை கன்வர்ட்டரைக் கண்காணிப்பது. முன்னால் இருக்கும் சென்சாரின் அளவு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்தால் பின்னால் இருப்பது ஆடாமல் நிதானமாக இருக்கும். இரண்டும் ஒன்றுபோல ஆடத் தொடங்கினால் கன்வர்ட்டர் செத்துவிட்டது, அல்லது இல்லை என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கை எரியவிடும். பி0420 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். எரியும் எஞ்சின் விளக்கோடு போனால் பல நாடுகளில் அங்கேயே தோல்வி.

சிலர் இரண்டாவது சென்சாரைக் குழாயிலிருந்து சற்றுத் தள்ளிவைக்கும் ஒரு இடைத்துண்டைப் பொருத்துகிறார்கள். சென்சாருக்கு வாயு குறைவாகப் படும், அதனால் ஆட்டம் அடங்கும், விளக்கு எரியாது. சாஃப்ட்வேரில் அந்தச் சென்சாரையே அணைத்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டையும் நான் யாருக்கும் சொல்வதில்லை. விளக்கு அணைந்ததால் வாயு சுத்தமாகிவிடாது. குழாய் முனையில் அளக்கும் கருவிக்கு இந்த ஏமாற்று எதுவும் தெரியாது, அது உள்ளதை உள்ளபடி காட்டிவிடும். அதைவிட, அந்தப் புகையை மூச்சில் வாங்குவது பின்னால் நடந்து போகிறவர்கள்தான்.

இன்னொன்று: பரிசோதனைக்கு முதல் நாள் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று சொல்வார்கள். அணையும். ஆனால் அதோடு காரின் சுய பரிசோதனைகள் எல்லாம் "இன்னும் முடியவில்லை" என்ற நிலைக்குப் போய்விடும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களில் இந்த நிலையைக் கருவியால் படிக்கலாம். முடியாதவை ஒன்றிரண்டுக்கு மேல் இருந்தால் அங்குள்ள பல மாநிலங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவை மறுபடி முடிய, குளிர்ந்த எஞ்சினில் தொடங்கி ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாகச் சில நாள் ஓட்ட வேண்டும். நியாயமான ரிப்பேருக்காகவே பேட்டரியைக் கழற்றியிருந்தாலும் இதே கதைதான். ஆகவே ரிப்பேரை ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

சத்தம்: காதும் கருவியும்

டெசிபல் என்ற அளவு பலரைக் குழப்பும். 90-க்கும் 93-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். புது சைலன்சர் 5 டெசிபல் கூட்டினால் உங்கள் காதுக்கு அது "கொஞ்சம் கம்பீரம்" மட்டும்தான், கருவிக்கோ ஆற்றல் மூன்று மடங்கு.

நிற்கும் காரை அளக்கும் முறை உலகின் பல இடங்களில் ஒன்றுபோல இருக்கிறது. குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், வாயு வெளிவரும் திசைக்கு 45 டிகிரி கோணத்தில், முனையின் உயரத்திலேயே மைக்கை வைப்பார்கள். தரையிலிருந்து 20 சென்டிமீட்டருக்குக் கீழே மட்டும் வைக்கக் கூடாது. எஞ்சினைக் குறிப்பிட்ட வேகத்துக்கு உயர்த்தி, நிதானமாகப் பிடித்து, பிறகு ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுவார்கள். எஞ்சினின் உச்சத் திறன் 5000 ஆர்பிஎம்மிலோ அதற்குக் கீழோ கிடைத்தால் அதில் 75 சதவீதம், அதைத் தாண்டிய பெரும்பாலான கார்களுக்கு 3750 ஆர்பிஎம். ஐரோப்பியக் கார்களில் இந்த வேகமும், கார் புதிதாக இருந்தபோது பதிவான டெசிபலும் காரின் ஆவணத்திலேயே இருக்கும். ஒப்பிடுவது அந்த எண்ணோடுதான். கலிஃபோர்னியாவில் சாதாரணக் கார்களுக்கு 95 டெசிபல் என்று ஒரே வரம்பு.

இந்த நிற்கும் சோதனை வேறு, கார் கம்பெனி தன் மாடலுக்கு அனுமதி வாங்கும்போது ஓட்டிக் காட்டும் சோதனை வேறு. இரண்டாவதில் 7.5 மீட்டர் தள்ளி நிற்கும் மைக்கைக் கடந்து கார் ஓடும். ஐரோப்பாவில் சாதாரணக் கார்களுக்கு அந்த வரம்பு 1990களின் நடுவில் 74 டெசிபலாக இருந்தது. 2016-இல் 72 ஆகி, பிறகு 70, 68 என்று இறங்கியது. சைலன்சர் விற்பனை விளம்பரத்தில் ஒரு டெசிபல் எண்ணைப் பார்த்தால், அது எந்தச் சோதனையின் எண் என்று கேளுங்கள். ஓடும் சோதனையில் 72 காட்டும் காரே, அரை மீட்டரில் மைக் வைத்தால் 80-ஐத் தாண்டுவது இயல்பு.

பிரிட்டனின் ஆண்டுப் பரிசோதனையில் கருவியே இல்லை. பரிசோதகர் எஞ்சினை உயர்த்திக் காதால் கேட்கிறார். அதே மாதிரிக் காரில் சுமாரான நிலையில் இருக்கும் கம்பெனி சைலன்சரைவிடத் தெளிவாகச் சத்தம் கூடுதலா என்பதே கேள்வி. இதில் ஆளுக்கு ஆள் தீர்ப்பு மாற இடம் இருக்கிறது, எனக்கு இது அவ்வளவு உவப்பில்லை. ஒருவருக்கு இன்று சரி என்று பட்டது அடுத்த ஆண்டு வேறொருவருக்குச் சரி என்று படாமல் போகலாம்.

சைலன்சருக்குள் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் சத்தம் நாளாக ஆகக் கூடுவதற்குக் காரணம் அங்கே இருக்கிறது. ஒரு வகை அறைகளால் ஆனது. ஒலி அலை தடுப்புகளில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலையோடு சேர்ந்து அடங்கும். கம்பெனி சைலன்சர்கள் பெரும்பாலும் இப்படி. இன்னொரு வகையில் நடுவே துளையிட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழை அல்லது பாறை இழைப் பஞ்சு. ஒலி துளைகள் வழியே பஞ்சுக்குள் போய் வெப்பமாக அடங்கும். வாயுவுக்குத் தடை குறைவு என்பதால் மாற்றுச் சைலன்சர்களில் இதுவே அதிகம். இந்தப் பஞ்சு சூட்டில் கருகி, துகள் துகளாகக் குழாய் வழியே பறந்துவிடும். அப்படிப் போய் உள்ளே வெற்று டப்பாவாக நிற்கும் சைலன்சர், வாங்கிய அன்று தேறியது போலச் சில ஆண்டுகள் கழித்துத் தேறாது. தினம் கேட்கும் காதுக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது. வாங்கிய வாரத்திலேயே போனில் ஒரு ஒலிப்பதிவு எடுத்துவைத்துக்கொண்டால், பிறகு அதே இடத்தில் அதே ஆர்பிஎம்மில் எடுத்து ஒப்பிடலாம். போன் டெசிபல் எண்ணை நம்ப முடியாது, ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிட அது போதும்.

முனைக்குள் செருகி போல்ட் போடும் சத்தக் குறைப்பான்களும் விற்கிறார்கள். பரிசோதனைக்கு மாட்டு, முடிந்ததும் கழற்று என்பது அதன் எண்ணம். இதைத் தெரிந்துதான் ஜப்பான் 2010 முதல், எளிதாகக் கழற்றக்கூடிய சத்தக் குறைப்பான் உள்ள சைலன்சர்களைப் புதிய கார்களுக்கு ஏற்பதில்லை.

கண்ணுக்குத் தெரிபவை

காரை உயர்த்தி, கீழே நின்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். நல்ல சைலன்சர் வாங்கி, மோசமாகப் பொருத்திய கார்கள் மாட்டிக்கொள்வது இங்கே. குழாயைத் தாங்கும் ரப்பர் ஹேங்கர் ஒன்று இல்லை, வெல்டிங்கில் மயிரிழை விரிசல், சூடான குழாய் பிரேக் ஹோஸை ஒட்டிப் போகிறது, வெப்பத் தடுப்புத் தகடு கழன்று தொங்குகிறது, முனை பம்பரின் பிளாஸ்டிக்கைத் தொடுகிறது. சத்தமும் வாயுவும் சரியாக இருந்தாலும் இவற்றில் ஒன்று போதும் திருப்பி அனுப்ப.

ஓட்டை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குழாயில் ஓட்டை இருந்தால் சத்தம் வரும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஓட்டை காற்றை உள்ளேயும் இழுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வாயு துடிப்பாக வருகிறது என்றேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே குழாயில் அழுத்தம் ஒரு கணம் வெளிக் காற்றைவிடக் குறையும். அப்போது சின்ன விரிசல் வழியே காற்று உள்ளே புகும். சைலன்சர் பக்கத்தில் இப்படி நடந்தால் முனையில் இருக்கும் கருவி கூடுதல் ஆக்சிஜனைப் பார்த்து, லாம்டா 1.03-ஐத் தாண்டிவிட்டது என்று தோல்வி போட்டுவிடும். எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது. முதல் சென்சாருக்கு முன்னால் நடந்தால் இன்னும் மோசம். சென்சார் ஏமாந்து, பெட்ரோல் குறைவு என்று சொல்ல, கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். புதுக் குழாய் போட்ட பிறகு லாம்டா தோல்வி வந்தால், சென்சாரை மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் கேஸ்கட்டையும் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் கெட்டியான துணியால் குழாய் முனையை ஒரு நொடி அடைத்துப் பிடித்தால், ஓட்டை உள்ள இடத்தில் "புஸ்" என்று கேட்கும். ஆறிய எஞ்சினை அப்போதுதான் ஓடவிட்ட நிலையில், திறந்த வெளியில், கையுறையோடு மட்டும் செய்யுங்கள்.

இதைச் சத்தத்துக்காகவும் மதிப்பெண்ணுக்காகவும் மட்டும் சொல்லவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காருக்கு அடியில் கசிந்தால் தரைத்தட்டின் துளைகள் வழியே உள்ளே ஏறும். முதலில் லேசான தலைவலி, பிறகு தூக்கம் வருவது போல ஒரு மயக்கம். பின் இருக்கையில் தூங்கும் குழந்தைக்கு அது தூக்கமா மயக்கமா என்று யாருக்கும் தெரியாது. முனையை உடலுக்கு வெளியே கொண்டுவராமல் காருக்கு அடியிலேயே வெட்டி விடும் வேலையை நான் இதனால்தான் கடுமையாக எதிர்க்கிறேன்.

கண்ணால் பார்ப்பதில் முத்திரையும் அடக்கம். ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றும் நாடுகளில், அனுமதி பெற்ற மாற்றுச் சைலன்சரில் ஒரு வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் பொறித்திருக்கும். அந்த எண் அனுமதி கொடுத்த நாடு: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி. அந்த முத்திரை குறிப்பிட்ட கார் மாடல்களுக்குத்தான் செல்லும். வேறு காருக்கான சைலன்சரை வெல்டிங் வைத்து உங்கள் காரில் ஏற்றினால் முத்திரை இருந்தும் பயனில்லை. ஜெர்மனி இதில் மிகக் கறார். முத்திரையோ அனுமதித் தாளோ இல்லாத மாற்றம் என்றால், காரைச் சாலையில் ஓட்டும் உரிமையே அங்கே கேள்விக்குறியாகும். "ரேஸ் உபயோகத்துக்கு மட்டும்" என்று பெட்டியில் எழுதியிருந்தால் அதை எழுதியவர் உண்மையாகவே சொல்கிறார், நம்புங்கள்.

டீசல் கார் என்றால்

டீசலில் கோடு இன்னும் கண்டிப்பானது. கன்வர்ட்டரோடு, கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டியும் இருக்கும். அது அடைத்துக்கொள்கிறது, செலவு வைக்கிறது என்று உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு, வெளிக்கூட்டை மட்டும் விட்டுவைக்கும் பழக்கம் ஒரு காலத்தில் பரவியது. பழைய புகைச் சோதனையில், எஞ்சினை உச்சத்துக்கு உயர்த்திப் புகையின் அடர்த்தியை ஒளியால் அளப்பார்கள். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் வடிகட்டி இல்லாமலேயே அதில் தப்பிவிடும், ஏனென்றால் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானவை. பிரிட்டன் 2014 பிப்ரவரி முதல் வடிகட்டி இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கியது. 2018 மே முதல், வடிகட்டி உள்ள காரிலிருந்து எந்த நிறத்தில் புகை தெரிந்தாலும் தோல்வி என்றது. பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகள் 2022, 2023-இல் அடுத்த படிக்குப் போய், துகள்களை எண்ணும் கருவியையே பரிசோதனைக்குள் கொண்டுவந்தன. ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை துகள் என்று அது எண்ணும். கூடு மட்டும் இருக்கும் காருக்கு அங்கே வழியே இல்லை.

பவர் பற்றி ஒரு வார்த்தை

"எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும்", அதாவது வெளியேறும் வாயுவுக்குக் குழாயில் கொஞ்சம் எதிர் அழுத்தம் வேண்டும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எஞ்சினுக்கு அப்படி ஒரு தேவை கிடையாது. தேவை வாயுவின் வேகம். குழாய் அளவாக இருந்தால் வேகமாகப் போகும் ஒரு துடிப்பு தன் பின்னால் இழுவை உண்டாக்கி, அடுத்த சிலிண்டரைக் காலி செய்ய உதவும். குழாயை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் அந்த வேகம் குறைந்து, கீழ் ஆர்பிஎம்மில் கார் மந்தமாகும். அதைத்தான் பேக் பிரஷர் குறைந்துவிட்டது என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். டர்போ இல்லாத சாதாரணக் காரில் கேட்-பேக் மட்டும் மாற்றினால் கிடைக்கும் பவர் மிகச் சொற்பம். நீங்கள் வாங்குவது குரலை. அதை அறிந்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை, கன்வர்ட்டரை எடுக்கும் ஆசையும் பாதி அடங்கிவிடும்.

போகும் நாளில்

சைலன்சரைக் கடைசி நேரத்தில் தொடாதீர்கள். சூடு மட்டும் ஏற்றிக்கொண்டு போங்கள். கன்வர்ட்டர் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடான பிறகுதான் வேலையைத் தொடங்கும். பக்கத்துத் தெருவிலிருந்து மெதுவாக ஓட்டிவந்து, வரிசையில் அரை மணி நேரம் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றால் அது ஆறிப்போயிருக்கும். ஸ்போர்ட்ஸ் கன்வர்ட்டர் என்றால் இன்னும் சீக்கிரம் ஆறும். இருபது, முப்பது நிமிடம் நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு, முறை வருவதற்குச் சற்று முன்பே மீண்டும் எஞ்சினை ஓடவிடுங்கள். ஒருமுறை மோனாக்சைடு வரம்பை மயிரிழையில் தாண்டித் தோற்ற கார், நன்றாகச் சூடாக்கிக் கொண்டுபோன அடுத்த சோதனையில் தேறுவது அபூர்வமே இல்லை.

எக்ஸாஸ்ட்டில் வால்வு வைத்து, பட்டனால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை என்றால், அமைதியான நிலையில் வைத்துப் போனால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவின் புதிய விதிகளில் எல்லா நிலைகளும் கணக்கில் வரும். அனுமதித் தாள், முத்திரை எண், வாங்கிய ரசீது மூன்றையும் காரிலேயே வைத்திருங்கள். பரிசோதகர் கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டினால் சந்தேகத்தோடு தொடங்கும் பேச்சு வேறு மாதிரி முடியும்.

அப்புறம், கழற்றிய பழைய சைலன்சரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். துளைகளைத் துணியால் அடைத்து, ஈரம் படாத இடத்தில், தரையில் படாமல் கட்டையின் மேல் வையுங்கள். போல்ட்டுகளுக்கும் கிளாம்ப்புக்கும் எண்ணெய் தடவி அதே பையில் போட்டுவைத்தால், என்றாவது ஒருநாள் திருப்பி மாட்ட வேண்டி வந்தால் அரை நாள் வேலையோடு முடிந்துவிடும்.